பழைய ஃபோர்ட்ரான் புரோகிராமை லேபில் இருக்கும் மெஷின்கள் எல்லாவற்றிலும் ஓட வைப்பது எப்படி?

வேலூர், காட்பாடி பக்கம் ஏதாவது ஒரு இன்ஜினியரிங் காலேஜில் சாயங்காலத்துக்கு மேல் கம்ப்யூட்டர் லேபை எட்டிப் பாருங்கள், வரிசையாக மெஷின்கள் சும்மா கிடக்கும். அதே காலேஜில் சிவில் டிபார்ட்மென்ட்டில் ஒருவர், கணக்குப் போடுவதற்கென்றே வந்த பழைய மொழியான ஃபோர்ட்ரானில் எந்தக் காலத்திலோ எழுதிய புரோகிராமை ஒரே ஒரு கம்ப்யூட்டரில் ராத்திரி முழுக்க ஓட விட்டுவிட்டு, கரன்ட் போகாமல் இருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பார். இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் இந்தப் பதிவு. லினக்ஸ் டெர்மினலில் நாலு கமாண்ட் அடிக்கத் தெரிந்தால் போதும்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகக் காவேரிப்பாக்கம் ஏரிக்கு வரும் தண்ணீர், மழை, ஆவியாகிப் போவது, மதகு திறந்து விடுவது எல்லாவற்றையும் நாள்வாரியாகக் கூட்டிக் கழிக்கும் ஒரு ஃபோர்ட்ரான் 77 புரோகிராம் உங்களிடம் இருக்கிறது. ஒரு தடவை ஓட 3 நிமிடம். மண்ணில் ஊறிப் போகும் அளவையும் ஆவியாதலையும் மாற்றி மாற்றி 2000 தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் 100 மணி நேரம் ஆகும். 40 மெஷினில் பிரித்துக் கொடுத்தால் இரண்டரை மணி நேரம், அவ்வளவுதான். இது ஏன் முடிகிறது என்றால் ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே ஓட்டத்தைத் துண்டு போட்டுப் பல மெஷினில் ஓட்ட வேண்டும் என்றால் அது வேறு கதை, உள்ளே இருக்கும் கணக்கையே திருத்தி எழுத வேண்டும், அதற்கு இந்தப் பதிவு உதவாது.

நாம் பயன்படுத்தப் போவது எச்டிகாண்டர். சும்மா இருக்கும் மெஷின்களைப் பிடித்து வேலை வாங்குவதற்கென்றே 1988 முதல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் வளர்த்துவரும் இலவச மென்பொருள். 2012 வரை வெறும் காண்டர் என்றுதான் பெயர், நானும் அப்படியே சொல்கிறேன். பாய்ங்க் என்று இன்னொன்று உண்டு, அது உலகம் முழுக்க இருக்கும் பொதுமக்களின் கம்ப்யூட்டர்களில் வேலை வாங்குவதற்கு. ஒரு லேபுக்கு அது தேவையில்லை.

எல்லோரும் முதலில் காண்டரை இன்ஸ்டால் செய்யத்தான் ஓடுவார்கள். வேண்டாம். முக்கால்வாசி வேலை பழைய புரோகிராமில்தான் இருக்கிறது, அதை முடித்துவிட்டு அங்கே போகலாம்.

முதல் படி: பழைய விடை வருகிறதா?

புரோகிராமுடன் பழைய அவுட்புட் ஃபைல் ஒன்றாவது கிடைக்கும், அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஜிஃபோர்ட்ரான் கம்பைலரில் (கோடை ஓடும் புரோகிராமாக மாற்றுவது) பழைய எழுத்துமுறையையும் ஏற்றுக்கொள்ளும் 'லெகசி' ஸ்டாண்டர்ட் கொடுத்து கம்பைல் செய்து, அதே இன்புட்டை ஓட்டி, இரண்டு அவுட்புட்டையும் ஒப்பிடுங்கள். ஆறாவது ஏழாவது இலக்கத்தில் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. பழைய 32 பிட் இன்டெல் சிப்பில் இடைக்கணக்குகள் 80 பிட்டில் நடந்தன, இப்போது மாறியின் அளவுக்கு ஏற்ப 32 அல்லது 64 பிட்டில் நடக்கின்றன. ஆனால் விடை மொத்தமாக மாறினாலோ, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விடை வந்தாலோ சந்தேகப்பட வேண்டியது மதிப்பு கொடுக்காமல் விட்ட மாறிகளை. அந்தக் காலத்துக் கம்பைலர்கள் பல, சப்ரூட்டினுக்குள் இருக்கும் மாறியின் மதிப்பை அடுத்த தடவை கூப்பிடும்வரை அப்படியே வைத்திருக்கும், எழுதியவரும் அதை நம்பியே எழுதியிருப்பார். 'நோ ஆட்டோமேட்டிக்', 'இனிட் லோக்கல் ஜீரோ' என்ற இரண்டு ஆப்ஷன்களையும் போட்டு மறுபடி கம்பைல் செய்து பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

இரண்டாவது படி: புரோகிராமைத் தனியாக நிற்க வைப்பது

ஒரு காலி ஃபோல்டரில் எக்ஸிகியூட்டபிளை மட்டும் போட்டு, வேறொரு யூசர் அக்கவுன்ட்டில் ஓட்டிப் பாருங்கள். கண்டிப்பாக நின்றுவிடும். எஸ்டிரேஸ் வைத்து ஓட்டினால் அது எந்தெந்த ஃபைலைத் தேடுகிறது என்று வரிசையாகக் காட்டும். சி டிரைவ் பாதை அப்படியே கோடில் எழுதியிருக்கும். டாஸ் காலத்து ஃபைல் பெயர் கோடில் பெரிய எழுத்தில் இருக்கும், டிஸ்கில் சின்ன எழுத்தில் இருக்கும், லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. விண்டோஸில் தயாரித்த டேட்டா ஃபைலில் வரிக்கு வரி கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும், டாஸ்டூயுனிக்ஸ் கமாண்ட் போட்டால் போய்விடும். புரோகிராம் நடுவில் நின்று "எத்தனை வருடம்?" என்று கேட்டால், பதில்களை ஒரு சின்ன ஃபைலில் எழுதி உள்ளே திருப்பிவிடுங்கள், அதற்காகக் கோடைத் தொட வேண்டாம்.

மழை டேட்டாவில் நம் ஊருக்கே உரிய ஒரு வம்பு இருக்கிறது. இந்த மாதிரிப் புரோகிராம்கள் கட்டம் எண்ணித்தான் படிக்கும், அதாவது வரியில் எத்தனையாவது எழுத்து என்பதை வைத்துத்தான். மாவட்டத்தின் பெயருக்கு எட்டு எழுத்து ஒதுக்கியிருந்தால், பழைய ஃபைலில் வட ஆற்காட்டின் ஆங்கிலச் சுருக்கம் அதில் சரியாக உட்கார்ந்திருக்கும். 1989இல் மாவட்டம் பிரிந்தது, 2019இல் வேலூரை மறுபடி மூன்றாகப் பிரித்தார்கள். இப்போது வாணியம்பாடி மழைமானிக்குப் புது மாவட்டப் பெயரைப் போடலாம் என்று யாராவது திருப்பத்தூரை ஆங்கிலத்தில் முழுசாக அடித்தால் பத்து எழுத்து ஆகும், பின்னால் இருக்கும் மழை அளவெல்லாம் இரண்டு கட்டம் தள்ளிப் போய்விடும். புரோகிராம் எர்ரர் காட்டாமலேயே தப்பான எண்ணைப் படித்துக்கொண்டு போகலாம். பெயரைத் திருத்தாதீர்கள், இருக்கிறபடியே இருக்கட்டும்.

எல்லாம் சரியானதும் பத்துப் பதினைந்து வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுங்கள். ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு, அந்த எண்ணுக்கு உரிய இன்புட்டைத் தயார் செய்து, புரோகிராமை ஓட்டி, அவுட்புட் ஃபைலின் பெயரோடு அந்த எண்ணைச் சேர்த்தால் போதும். இனி காண்டர் பேசப்போவது இந்த ஸ்கிரிப்டுடன்தான்.

புரோகிராமில் ராண்டம் எண்கள் உண்டா என்றும் பாருங்கள். கடிகாரத்தின் விநாடியை விதையாக (ராண்டம் வரிசை தொடங்கும் எண்) எடுத்துக்கொள்ளும் கோடு என்றால், ஒரே விநாடியில் கிளம்பும் முப்பது மெஷினும் ஒரே விடையைக் கொண்டுவந்து கொட்டும். விதைக்கு அந்தந்த ஓட்டத்தின் எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது படி: லைப்ரரி

எல்டிடி கமாண்ட் போட்டால் புரோகிராம் எந்த லைப்ரரிகளை (ஓடும்போது வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும் கோடு) நம்பியிருக்கிறது என்று தெரியும். எல்லா மெஷினிலும் ஃபோர்ட்ரான் லைப்ரரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஸ்டாட்டிக்காக லிங்க் செய்து அதைப் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். முடியவில்லையென்றால் லேபிலேயே பழைய லினக்ஸ் இருக்கும் மெஷினில் கம்பைல் செய்யுங்கள். பழையதில் கம்பைல் செய்தது பொதுவாகப் புதியதில் ஓடும், புதியதில் செய்தது பழையதில் ஓடும் என்று சொல்ல முடியாது.

நான்காவது படி: காண்டர்

லேப் இன்சார்ஜிடம் முதலில் கேட்டுவிடுங்கள். மாணவர் வந்து கீபோர்டைத் தொட்டதும் நம் வேலை ஒதுங்கிக்கொள்ளும்படி டெஸ்க்டாப் பாலிசி வைக்கலாம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். ஒரு மெஷின் எந்த வேலை எங்கே போக வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் மேனேஜர், ஒன்று வேலை அனுப்புவதற்கு, மற்றதெல்லாம் வேலை செய்வதற்கு. முதல் இரண்டும் ஒரே மெஷினாக இருந்தாலும் பரவாயில்லை. ஃபயர்வாலில் 9618 போர்ட் திறந்திருக்க வேண்டும். காண்டர் ஸ்டேட்டஸ் கமாண்டில் எல்லா மெஷினும் தெரிந்தால் தயார்.

காண்டரிடம் வேலையைச் சொல்லும் சப்மிட் ஃபைலில் எழுத வேண்டியவை கொஞ்சம்தான்: எந்த ஸ்கிரிப்ட், கூட அனுப்ப வேண்டிய ஃபைல்கள், எவ்வளவு மெமரி, லாக் எங்கே, கடைசியில் க்யூ எத்தனை, அதாவது எத்தனை வேலை. க்யூ 200 என்று போட்டால் புராசஸ் எண் 0 முதல் 199 வரை தானாக வரும், அதைத்தான் நம் ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கிறோம். 2000 ஓட்டத்தை ஏன் 200 ஆக்கினேன் என்றால், மூன்று நிமிட வேலையைத் தனித்தனியாக அனுப்பினால் அனுப்புவதிலும் எடுப்பதிலுமே நேரம் போகும். ஒரு வேலை எண்ணுக்குப் பத்து ஓட்டத்தை ஸ்கிரிப்டே அடுத்தடுத்து ஓட்டும்படி பத்துப் பத்தாகக் கட்டினால் ஒரு வேலை அரை மணி நேரம். அதைவிடப் பெரிதாகவும் கட்ட வேண்டாம், ஏனென்றால் நடுவில் கரன்ட் போனாலோ மாணவர் வந்து உட்கார்ந்தாலோ அந்த வேலை வேறு மெஷினில் முதலிலிருந்து ஆரம்பிக்கும். விட்ட இடத்திலிருந்து தொடர 'காண்டர் கம்பைல்' பயன்படுத்தச் சொல்லும் பழைய டுடோரியல்கள் கண்ணில் படும், புது வெர்ஷன்களில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள், தேடி அலையாதீர்கள்.

முதலில் க்யூ 3 போட்டுப் பாருங்கள். வேலை ஹோல்டில் (ஏதோ சிக்கலால் நிறுத்தி வைத்த நிலை) நின்றால் காண்டர் க்யூ கமாண்டில் ஹோல்ட் ஆப்ஷன் போட்டால் காரணம் சொல்லும், பெரும்பாலும் ஏதோ ஒரு ஃபைலை அனுப்ப விட்டிருப்பீர்கள். மெஷின் கிடைக்காமல் ஐடிலிலேயே கிடந்தால் அதே கமாண்டில் பெட்டர் அனலைஸ் ஆப்ஷன். மெமரி அதிகமாகக் கேட்டிருப்பீர்கள்.

கடைசியில்: விடைகளைச் சேர்ப்பது

200 வேலையும் முடிந்தது என்று காண்டர் சொன்னதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பழைய கோடில் தப்பு நடந்தால் ஒரு செய்தியோடு ஸ்டாப் என்று இருக்கும், ஜிஃபோர்ட்ரானில் அது வெற்றியாக முடிந்த கணக்கில்தான் சேரும். அதனால் அவுட்புட்டின் கடைசி வரி வந்திருக்கிறதா என்று ஸ்கிரிப்டே பார்த்து, இல்லையென்றால் பூஜ்ஜியம் அல்லாத எண்ணோடு வெளியேற வேண்டும். மேக்ஸ் ரீட்ரைஸ் 2 என்று சப்மிட் ஃபைலில் போட்டால் காண்டர் மறுபடி முயன்று பார்க்கும். அப்புறம் எல்லா அவுட்புட்டிலும் நட்சத்திரக் குறிகளைத் தேடுங்கள். எண்ணுக்கு ஒதுக்கிய கட்டம் போதாவிட்டால் ஃபோர்ட்ரான் அந்த இடத்தில் வரிசையாக நட்சத்திரம் போட்டுவிட்டுப் பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த நாட்களை முதலில் பாருங்கள், வறண்ட ஆற்றை மனதில் வைத்து ஆறு கட்டம் ஒதுக்கிய ஃபார்மேட் அங்கேதான் உடையும். அந்த ஒரு வரியில் மட்டும் கோடைத் தொட்டு பத்துக் கட்டமாக்கி, மறுபடி கம்பைல் செய்து, நட்சத்திரம் வந்த எண்களை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும்.