பாத்ரூமையே இருட்டறை ஆக்கலாம்

கறுப்பு வெள்ளை நெகட்டிவை நம் கையாலேயே பிரிண்ட் போட, சென்னை ஃபிளாட்டின் பாத்ரூமே போதும்.

முதலில் இருட்டு. வென்டிலேட்டரைக் கறுப்பு ரெக்சினால் மூடி, கதவுக்கு அடியில் போர்வையைச் சுருட்டி வையுங்கள். பிறகு நல்ல பகலில் விளக்கை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் உள்ளேயே உட்காருங்கள். கண் பழகப் பழகத்தான் ஓட்டைகள் தெரியும். எங்கள் வீட்டில், கதவுக் கீல் ஓரமாக நூல் மாதிரி ஒரு வெளிச்சக் கோடு ஏழாவது நிமிடத்தில்தான் கண்ணில் பட்டது.

அடுத்து, காகிதம் கெடாமல் நமக்குக் கண் தெரியச் சிவப்பு விளக்கு. கடையில் கிடைக்கும் எல்லாச் சிவப்பு பல்பும் உதவாது. பிரிண்ட் காகிதத்தின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அந்த வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் விட்டு டெவலப் செய்யுங்கள் (படத்தை வெளிக்கொண்டு வரும் கரைசலில் போடுங்கள்). வட்டம் தெரிந்தால் பல்பை மாற்றுங்கள்.

நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் எனலார்ஜர் ஒரு பக்கம், ஈர வேலை மறுபக்கம். படத்தை வெளிக்கொண்டு வரும் டெவலப்பர், அதை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்சர் என்று மூன்று ட்ரே வரிசையாக. ட்ரேக்கு ஒன்றாக இடுக்கி வேண்டும். ஃபிக்சர் கலந்தால் டெவலப்பர் கெட்டுவிடும். சுவிட்சைத் தொடும் முன் கையைத் துடையுங்கள்.

நம் ஊரில் பெரிய பாடு தண்ணீர்தான். டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும். கத்திரி வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் சுடச்சுட வரும். அதில் கலந்தால் படம் கண்மூடித் திறப்பதற்குள் கறுத்துவிடும். போர் தண்ணீரில் உப்பும் அதிகம். அதனால் கேன் தண்ணீரை முந்தின இரவே ஃபிரிட்ஜில் வைத்துக் கலக்குங்கள். ட்ரேயைவிடப் பெரிய தட்டில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவே ட்ரேயை வையுங்கள். ஐஸை டெவலப்பரிலேயே போட்டுவிடாதீர்கள், நீர்த்துப்போகும். தெர்மாமீட்டர் கட்டாயம்.

சரி, இனி பிரிண்ட். காகிதத் துண்டு ஒன்றை எனலார்ஜரின் கீழ் வைத்து அட்டையால் மறைத்து, ஐந்தைந்து வினாடிக்கு ஒருமுறை அட்டையை நகர்த்தி வெளிச்சம் காட்டி, டெவலப் செய்து பாருங்கள். எந்தப் பட்டை சரியோ, அதுவே உங்கள் நேரம். பிளாஸ்டிக் பூச்சுக் காகிதம் என்றால் டெவலப்பரில் ஒன்று, ஒன்றரை நிமிடம், ஸ்டாப் பாத்தில் அரை நிமிடம், ஃபிக்சரில் பாட்டிலில் போட்டிருக்கும் நேரம்; அப்புறம் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். பழைய ஃபிக்சரில் வெள்ளி கரைந்திருக்கும், சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து வையுங்கள்.

துணிக் கிளிப்பில் தொங்கவிடுங்கள். காய்ந்தால் பிரிண்ட் கொஞ்சம் கறுக்கும், அதனால் அடுத்த பிரதிக்கான நேரத்தைக் காலை வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள்.