மாத்திரைக்கு மசியாத கீரிப்பூச்சி

இரவானால் மகளுக்கு ஆசனவாயில் அரிப்பு, தூக்கமே கிடையாது. கீரிப்பூச்சி என்ற குடல்புழுவுக்காக மருத்துவர் அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்தார். அடங்கியது, சில வாரங்களில் திரும்பியது. இனிப்பை நிறுத்தினோம். வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தோம் (விழுங்கியதைவிடத் துப்பியதே அதிகம்). சானிடைசரும் இந்தப் புழுவின் முட்டைகளிடம் எடுபடவில்லை.

குற்றவாளி நகக்கண்ணில் இருந்தது. பெண்புழு இரவில் வெளியே வந்து முட்டையிடும். சொறிந்த விரலின் நகத்தடியில் அவை ஒட்டிக்கொண்டு, காலை இட்லியோடு வாய்க்குள் போய்விடும். மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டை தப்பிவிடும்.

நகங்களை ஒட்ட வெட்டினேன். எழுந்ததும் குளியல். சாப்பிடும் முன்பும் கழிப்பறை போய்வந்த பின்பும், உள்ளங்கையில் சோப்பு நுரையை வைத்து நகநுனிகளை அதில் சுரண்டிக் கழுவ வைத்தேன். விரிப்புகள் வெந்நீரில். மருத்துவர் சொன்னபடி 2 வாரம் கழித்து வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மறுபடி மாத்திரை போட்டோம். அரிப்பு நின்றது. அப்பாடா!