பதற்றத்தை வெட்டி ஒட்டிச் சுவரில் மாட்டுவது எப்படி

பதற்றத்தைப் பற்றி ஒரு கொலாஜ் (காகிதத் துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்யும் படம்) வரிசை செய்யலாம் என்று உட்கார்ந்ததும் கை தானாகப் போவது அலறுகிற வாய்க்கும், தலையைப் பிடித்திருக்கிற கைகளுக்கும், கறுப்பு மேகத்துக்கும்தான். அவற்றை ஒதுக்கி வையுங்கள். பார்ப்பவர் "சரி, பதற்றம்" என்று ஒரு நொடியில் முடிவு கட்டிவிட்டு அடுத்த சட்டகத்துக்கு நகர்ந்துவிடுவார். பூட்டிய கதவைத் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறோமே, பதற்றம் அங்கேதான் குடியிருக்கிறது. ஆகவே பயத்தைத் தேடாமல், பாதுகாப்புத் தருவதாகச் சொல்லும் காகிதங்களைத் தேடுங்கள்.

மருந்துப் பெட்டிக்குள் பத்து மடிப்பாக இருக்கும் பக்கவிளைவுத் தாள், காப்பீட்டுப் பத்திரத்தின் பொடி எழுத்து, மின்சாதனக் கையேட்டில் குறுக்குக்கோடு போட்ட எச்சரிக்கைப் படங்கள், பழைய வரைபடம். எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது வங்கிக் கடித உறையின் உட்புறம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் கடிதத்தைப் படிக்க முடியாதபடி உள்ளே நெருக்கமான கோடும் புள்ளியும் அச்சடித்திருப்பார்கள். கொஞ்ச தூரத்தில் துணி டிசைன் மாதிரி அழகாக இருக்கும், கிட்டே போனால் கண்ணை உறுத்தும். நமக்கு வேண்டியது அதுதான். உங்கள் சொந்தச் சீட்டுகளை ஒட்டினால் பெயர், கணக்கு எண், முகவரி எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுங்கள், ஏனென்றால் காட்சிக்கு வருகிறவர்கள் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். மற்றவர்கள் எடுத்த புகைப்படங்களுக்குப் பதிப்புரிமை உண்டு, விற்கிற எண்ணம் இருந்தால் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகைப்படங்களை வெட்டி ஒட்டிக் கொலாஜ் செய்த ஜெர்மன் கலைஞர் ஹன்னா ஹோஹின் வேலைகளை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். நாஜிக்கள் இவ்வகைக் கலையை வேட்டையாடிய நாட்களில், 1939இல் பெர்லின் ஓரத்தில் ஹைலிகன்சே என்ற இடத்துக்குக் குடிபோய், தன்னுடையதையும் டாடா (முதல் உலகப் போர்க் காலத்தில் பிறந்த கலகக் கலை இயக்கம்) நண்பர்களுடையதையும் வீட்டிலேயே ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர். அவர் படங்களில் நம்மைத் தொந்தரவு செய்வது பெரும்பாலும் அளவுதான்: உடம்புக்குப் பொருந்தாத தலை, முகத்துக்குப் பெரிதான கண். இதை அப்படியே நம் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். வீட்டைவிடப் பெரிய தாழ்ப்பாள் ஒன்றை ஒட்டிப் பாருங்கள், வேறு விளக்கமே தேவைப்படாது.

ஓரங்களை யோசித்து முடிவு செய்யுங்கள். கத்தியால் வெட்டிய ஓரம் கட்டுப்பாட்டைக் காட்டும், கிழித்த ஓரம் அது கைநழுவியதைக் காட்டும், இரண்டையும் எல்லா இடத்திலும் கலந்தால் எதுவும் தெரியாது. காலி இடம் விடவும் பயப்படாதீர்கள். தாள் முழுக்கத் துண்டுகளை அடைத்தால் வருவது இரைச்சல், ஆனால் ஒரு மூலையில் மட்டும் எல்லாம் நெருக்கியடித்து மீதி வெறுமையாக இருந்தால், பார்ப்பவருக்கே மூச்சு முட்டும்.

இனி பசை. செய்தித்தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் இருப்பதால் அது மஞ்சளாகி நொறுங்கும், எனவே அமிலமில்லாத தாளில் நகலெடுத்து அதை ஒட்டுங்கள். கடை ரசீதுகள் வெப்பத்தால் அச்சாகிறவை, எழுத்து மங்கிவிடும் (மங்குவதே உங்கள் கருத்து என்றால் அசலையே ஒட்டலாம், வாங்குபவரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்). ரப்பர் பசை வேண்டவே வேண்டாம், வருடங்கள் போனதும் பழுப்புக் கறை விடும். கோதுமை ஸ்டார்ச் பசை நல்லது, பிவிஏ (கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை) என்றால் அமிலமில்லாத வகையாகப் பார்த்து மெல்லிசாகத் தடவுங்கள். காகிதம் ஈரத்தில் விரிந்து காயும்போது சுருங்குவதால் அடித்தாள் வளையும். பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டினால் இழுவை சமமாகிவிடும், அப்புறம் பசை ஒட்டாத சிலிக்கோன் பூச்சுத் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே பாரம் ஏற்றி இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

மாட்டும்போது படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் வருவது பொது வழக்கம். பொடி எழுத்து நிறைந்த படங்களை இன்னும் கொஞ்சம் இறக்கலாம், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அதுவே வசதி. கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிடுங்கள். காகித வேலைகளுக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாக 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கிய வெளிச்சமே வைக்கும். இந்த வரிசைக்கு அந்த மங்கல் பொருத்தமாகவும் இருக்கும், நேர் வெயில் விழும் சுவர் மட்டும் கூடாது.

சிலர் செய்வதுபோல அறையை இருட்டாக்கி, குறுகிய வழி அமைத்து, இதயத்துடிப்புச் சத்தம் ஓடவிடுவது எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே பதற்றத்தோடு வாழ்கிற ஒருவர் உள்ளே வரலாம். வெளியே போகும் வழி எந்த இடத்தில் நின்றாலும் கண்ணில் படட்டும், சுவரைப் பார்க்காத பக்கமாக ஓர் இருக்கை போடுங்கள். மருத்துவமனை, விபத்து போன்ற படங்கள் இருந்தால் நுழைவிலேயே ஒரு வரி எழுதி வையுங்கள். படத்தருகே வைக்கும் குறிப்பில் உங்கள் நோய்க் கதையை எழுதியே ஆக வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் மறுத்துவிடலாம். தலைப்பு, ஆண்டு, என்னென்ன காகிதம் என்பதே போதும். "மருந்துத் தாள், கடித உறை, பசை" என்று படித்துவிட்டு மறுபடி படத்திடம் திரும்புகிறவர்கள்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

காட்சி முடிந்து கழற்றிய பின், சட்டமில்லாத தாள்களுக்கு இடையே வழுவழுப்பான மெல்லிய கிளாசின் தாள் வைத்துப் படுக்கை வசமாக அடுக்குங்கள், சுருட்டினால் ஓரங்கள் பெயர்ந்துவிடும்.