அழகர் ஆற்றில் இறங்குமுன் வீட்டைத் தயார் செய்வது எப்படி? புதுத் தம்பதிக்கு ஒரு செய்முறை

சித்திரைத் திருவிழாக் கொடி ஏறிவிட்டால் மதுரையில், அழகர் இறங்கும் வைகையின் வடகரையில் குடியிருப்பவர்கள் வீட்டில் பாய் சுருட்டி வைக்க நேரமிருக்காது. செல்லூர், தல்லாகுளம், கோரிப்பாளையம், புதூர் என்று எங்கே வாடகைக்கு இருந்தாலும் மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் சொந்தபந்தம் வந்து இறங்கும். கல்யாணமாகி முதல் சித்திரை என்றால் கேட்கவே வேண்டாம், பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பக்கமும் வருவார்கள். வரட்டும். வந்தால்தான் வீடு நிறையும்.

விருந்துச் சமையலுக்கு ஆயிரம் குறிப்பு கிடைக்கிறது. நான் சொல்ல வருவது அதையல்ல. தண்ணீர், அங்கணம் (பாத்திரம் கழுவும் இடம்), காஸ், கரண்ட் இந்த நான்கும் உங்கள் வீட்டில் எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்பது கணவன் மனைவி இரண்டு பேருக்குமே தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவர் வெளியே போன நேரம் பார்த்துத்தான் ஏதாவது உடையும். அப்புறம் உடைந்த சாமானை விட்டுவிட்டு ஆளை ஆள் குறை சொல்ல ஆரம்பிப்பார்கள்.

முதல் படி: இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வாருங்கள்

விருந்தாளி வருவதற்கு ஒரு வாரம் முன்பே இதைச் செய்யுங்கள். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் தண்ணீரைத் திறந்து மூடும் கேட் வால்வு எங்கே இருக்கிறது? அடுப்படிக்குத் தனி, குளியலறைக்குத் தனி என்று பிரித்திருக்கிறார்களா? மெயின் சுவிட்ச் உங்கள் வீட்டுக்குள்ளா, மாடிப்படிக்குக் கீழா? தெரியாவிட்டால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பார்த்தால் மட்டும் போதாது, கையால் திருகிப் பாருங்கள். பல வருடம் தொடாத வால்வு பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கால் சுற்று இப்படி, கால் சுற்று அப்படி என்று மெதுவாக இளக்க வேண்டும். முரட்டுத்தனமாகத் திருகினால் உள்ளே கம்பி முறிந்துவிடும். எது எதற்கு என்று பெயிண்டில் எழுதிவிடுங்கள். பிறகு, வழக்கமாக இந்த வேலையைச் செய்யாதவர் தனியாக ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டு மாடியில் ஒரு புதுத் தம்பதி குடியிருந்தார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இரவன்று கணவர் தன் மாமனாரைக் கூட்டிக்கொண்டு தல்லாகுளம் போய்விட்டார். வீட்டில் மனைவியும் இரண்டு பக்கத்து அம்மாக்களும் பிள்ளைகளும். குளிக்கப்போன பையன் திருகிய திருகில் குழாயின் தலை கையோடு வந்துவிட்டது. தண்ணீர் எதிர்ச்சுவரில் அடிக்கிறது, ஹாலில் விரித்த பாய்கள் நனைகின்றன. கூட்டத்துக்குள் இருந்தவருக்கு போன் போகவில்லை. "வீடு வந்து இத்தனை மாசமாச்சு, இது எங்கன இருக்குன்னு தெரியலையாம்மா?" என்று மாமியார் கேட்க, அந்தப் பெண் அழுதுவிட்டாள். தினமும் அவள் துணி காயப்போடும் கொடிக்கு இரண்டடி தள்ளித்தான் வால்வு இருந்தது. நான் மேலே ஏறி மூடினேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "இவ்வளவுதானா அக்கா?" அவ்வளவுதான். ஆனால் யாராவது ஒருமுறை காட்டியிருக்க வேண்டுமே.

இரண்டாம் படி: தண்ணீர்க் கணக்கு

நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் குடிநீர்த் திட்டங்களைப் போடுகிறார்கள். இருவருக்கு 270. உங்கள் மாடித் தொட்டி 500 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட இரண்டு நாள் தாங்கும். எட்டுப் பேர் ஆகிவிட்டால் 1080 லிட்டர் வேண்டும்; அதே தொட்டி அரை நாள்கூட வராது. காலையில் எல்லோரும் குளித்து முடிக்கும்போது கடைசி ஆளுக்குச் சோப்பு நுரையோடு குழாய் நின்றுபோகும். ஆகவே விடியற்காலை ஒருமுறை, மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒருமுறை மோட்டார் போடுவதைப் பழக்கமாக்குங்கள். குளியலறையில் ஒரு பெரிய டிரம் எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

எத்தனை நாளுக்கு என்றும் கணக்குப் பாருங்கள். மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு மறுநாள் தேர். ஆனால் தேருக்கும் அழகர் இறங்குவதற்கும் இடையே உள்ள நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024-இல் ஏப்ரல் 22 தேர், மறுநாள் 23 அழகர். 2025-இலோ மே 9 தேர், 12-ஆம் தேதிதான் அழகர். தாலிக்கயிறு மாற்றத் திருக்கல்யாணத்துக்கே வந்துவிட்ட அத்தையும் மதினியும் அழகரைப் பார்க்காமல் கிளம்ப மாட்டார்கள். காலண்டரைப் பார்த்துவிட்டு அரிசி, பால், சிலிண்டர் எல்லாவற்றையும் அதற்கேற்ப வாங்கி வையுங்கள்.

மூன்றாம் படி: அங்கணத்தில் அடைப்பு எடுப்பது

விருந்து நாளில் முதலில் மக்கர் பண்ணுவது பாத்திரம் கழுவும் சிங்க்தான். இருவர் சாப்பிட்ட தட்டுக்குப் பழகிய குழாயில் எட்டுப் பேர் ஏனம் விழுகிறது. வடிகஞ்சி சூடாக உள்ளே போய், ஆறி, பசையாகப் பிடிக்கும். அதன்மேல் எண்ணெய், அதன்மேல் சோறு, கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல். கறி எடுத்துச் சமைத்தால் கொழுப்பு உறைந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீர் இறங்காமல் நின்றால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. குழாயை மூடுங்கள். நிற்கும் தண்ணீரை மக்கால் மொண்டு வாளியில் ஊற்றுங்கள்.

2. கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், பி.வி.சி. குழாய் இளகிக் கோணிக்கொள்ளும்.

3. ரப்பர் பம்பை ஓட்டையின்மேல் அழுத்தி வைத்து, ரப்பர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, எடுக்காமல் மேலும் கீழும் அழுத்துங்கள். சிங்க்கின் ஓரத்தில் இன்னொரு துளை இருந்தால் ஈரத்துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் காற்று அந்த வழியே போய்விடும், அடைப்பு அசையாது.

4. அப்படியும் இறங்கவில்லையா? சிங்க்குக்குக் கீழே வாளியை வையுங்கள். ஓட்டையின் அடியில் வேஸ்ட் பைப்பைப் பிடித்திருக்கும் நட்டைக் கையால் இடப்பக்கமாகத் திருகினால் கழன்றுவிடும். உள்ளே ரப்பர் வாஷர் இருக்கும். அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் வாளிக்குள் விழுந்துவிட்டால் கொட்டித் தேடவும் வேண்டும்.

5. பைப்பைப் பின்கட்டுக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோய் உதறுங்கள். பெரும்பாலான வாடகை வீடுகளில் இருப்பது மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் பைப். ஒவ்வொரு மடிப்பிலும் சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி ஒன்று அப்பியிருக்கும், விரலால் தொட்டால் வழுக்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். அதுதான் உறைந்த எண்ணெயும் கஞ்சியும். வெந்நீரும் பழைய டூத் பிரஷும் போட்டுத் தேய்த்தால் வந்துவிடும். மடிப்பு விரிசல் விட்டிருந்தால் ஹார்டுவேர் கடையில் புதிது வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றேகால் இஞ்ச், ஒன்றரை இஞ்ச் என்று அளவு உண்டு, ஆகவே பழையதைக் கையோடு எடுத்துப்போங்கள். கூடவே இரண்டு வாஷரும்.

6. திரும்ப மாட்டும்போது நட்டைக் கையால் இறுக்கினாலே போதும். பைப்பின் நடுவில் ஒரு வளைவு கீழே தொங்கும்படி விடுங்கள். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றால் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வராது.

7. அடியில் தினசரித் தாளை விரித்துவிட்டு, சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். தாளில் ஈரம் படவில்லை என்றால் வேலை முடிந்தது.

அவசரத்தில் யாராவது ஆசிட் பாட்டிலை நீட்டுவார்கள். வேண்டாம். ப்ளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சின்ன அடுப்படியில், பிள்ளைகள் நடமாடும் வீட்டில், அது உயிருக்கே ஆபத்து. அடைப்பு நீக்கும் பவுடர் போட்டுவிட்டு ரப்பர் பம்பால் அடிப்பதும் கூடாது. தெறித்துக் கண்ணில் பட்டால் பெரிய காயமாகும்.

அடைப்பே வராமல் இருக்க எங்கள் பக்கத்தில் பழைய வழி ஒன்று இருக்கிறது: கழனித்தண்ணி வாளி. தெருவில் மாடு வைத்திருப்பவர் இருந்தால் சொல்லி வையுங்கள். சிங்க் பக்கத்தில் ஒரு வாளியை வைத்து, வடிகஞ்சி, மிச்சச் சோறு, காய்த்தோல் எல்லாம் அதில் போகட்டும். வந்த மாமியாரோ பெரியம்மாவோ சும்மா உட்கார மாட்டார்கள், "நீ இரும்மா, நான் கழுவுறேன்" என்று வந்து நிற்பார்கள். தடுக்காதீர்கள். "அத்தை, சோத்தை இந்த வாளியில தட்டிட்டு ஏனத்தைப் போடுங்க, மாட்டுக்குப் போகும்" என்று சொன்னால் போதும். மாட்டுக்கு என்றால் அவர்கள் ஒரு பருக்கையைக்கூடச் சிங்க்கில் விட மாட்டார்கள்.

நான்காம் படி: மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல

உடனே மோட்டாரை நிறுத்துங்கள். வெறுமனே ஓடினால் சீல் கருகி, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளும் (காயில்) போய்விடும். கீழ்த்தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்கி, குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். தொட்டியில் தண்ணீர் இருப்பதை உறுதி செய்துகொண்டு, மெயினையும் அணைத்துவிட்டு, பம்பின் தலையில் உள்ள மூடியை ஸ்பேனரால் கழற்றுங்கள். குவளையால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். குமிழ் வருவது நின்று, தண்ணீர் விளிம்பில் தளும்ப வேண்டும். மூடியை இறுக்கி மோட்டாரைப் போட்டால் சிறிது நேரத்தில் மேலே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். தினமும் இப்படி ஊற்ற வேண்டியிருந்தால் குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு கசிகிறது, பிளம்பர்தான் பார்க்க வேண்டும். ஆழ்குழாய்க்குள் இறக்கிய சப்மெர்சிபிள் மோட்டாருக்கு இந்த வைத்தியம் கிடையாது.

ஐந்தாம் படி: காஸும் கரண்டும்

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ காஸ். வெறும் சிலிண்டரின் எடையைக் கைப்பிடிக்குக் கீழே எழுதியிருப்பார்கள். எடை போட்டு அதைக் கழித்தால் மிச்சம் தெரிந்துவிடும். மாற்றும்போது அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, சாமி விளக்கையும் அமர்த்திவிட்டுத்தான் கழற்ற வேண்டும். புது சிலிண்டரின் வாய்க்குள் கறுப்பு வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டியதும் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழ் விட்டால் கசிவு. காஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படியும். சுவிட்ச் எதையும் போடாமலும் அணைக்காமலும் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து காஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு போன் செய்யுங்கள். பாய் விரித்துப் பிள்ளைகள் தரையில் படுத்திருக்கும் நாட்கள் இவை. இதில் மட்டும் சோம்பல் கூடாது.

கரண்டுக்குச் சுருக்கமாக: சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் ஏறக்குறைய 1,380 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாமா அயர்ன் பாக்ஸையும் மதினி மிக்ஸியையும் சேர்த்துப் போட்டால் அதைத் தாண்டிவிடும். எம்.சி.பி. (அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, நெம்புகோலை முழுதாகக் கீழே தள்ளிப் பிறகு மேலே தூக்குங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள், எலக்ட்ரீஷியன் வரட்டும்.

ஆறாம் படி: எதிர்சேவை இரவு

இருவரும் சேர்ந்து போவதானால் கிளம்புமுன் காஸை ரெகுலேட்டரில் மூடுங்கள், குழாய்களை ஒரு சுற்றுப் பாருங்கள், மோட்டார் அணைந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஒருவர் வீட்டில் இருந்தால் பிளம்பர், எலக்ட்ரீஷியன் எண்களை அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள். ஆற்றுப்பக்கம் போனவரை போனில் பிடிக்க முடியாது. அதோடு, வீட்டில் இருந்தவருக்கு அழகரைப் பார்க்க வழி செய்யுங்கள். இரவு ஒருவர் எதிர்சேவைக்குப் போனால், விடியலில் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மற்றவர் போகட்டும். புதுப்பெண் என்பதற்காக எட்டுப் பேருக்கு இட்லி அவித்துக்கொண்டு அடுப்படியிலேயே நிற்க வைப்பது சரியில்லை. அந்தக் காலைப்பொழுதுக்கு மாவை முந்தின நாளே கணவர் பொறுப்பில் ஆட்டி வைத்துவிட்டால், வீட்டில் இருக்கும் யாரும் ஊற்றிக்கொள்ளலாம்.

ஏழாம் படி: எல்லோரும் ஊருக்குப் போன பிறகு

அன்றைக்கே சிங்க்கில் சோப்புக் கரைத்த வெந்நீரை ஊற்றுங்கள். சிலிண்டர் பதிவு செய்யுங்கள். டிரம்மைக் கவிழ்த்துக் காயவிடுங்கள், தண்ணீர் நின்றால் கொசு முட்டையிடும். வாங்கிய வாஷரில் மிச்சம் இருந்தால் ஸ்பேனரோடு ஒரு டப்பாவில் போட்டு இருவருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். சீக்கிரமே தேவைப்படும். ஆடி பிறந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள், வீட்டில் கணவர் மட்டும்தான் இருப்பார். சிலிண்டர் மாற்றுவதும் சிங்க் நட்டைக் கழற்றுவதும் அதுவரை மனைவி மட்டுமே செய்து வந்த வேலை என்றால், ஆனி மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் செய்ய வைத்து, பக்கத்தில் நின்று பாருங்கள்.