எஸ்பெராண்டோ சொல்லைப் பிரித்துப் பொருளும் வேரும் காண்பது எப்படி?

எஸ்பெராண்டோவில் மருத்துவமனைக்கு 'மல்சானுலேயோ' என்று பெயர். 1887-இல் வார்சாவில் சாமென்ஹோஃப் என்ற கண் மருத்துவர் தானே உருவாக்கி வெளியிட்ட மொழி இது. 'டாக்டர் எஸ்பெராண்டோ', அதாவது 'நம்பிக்கையோடு இருப்பவர்', என்பது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். பிறகு மொழிக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இதன் சொற்களைப் பிரிக்க ஓர் அகராதியும் பென்சிலும் போதும்.

படி 1: கடைசி எழுத்தைப் பாருங்கள்

'ஓ' என்று முடிந்தால் பெயர்ச்சொல், 'ஆ' என்றால் பெயரடை, 'இ' என்றால் அகராதியில் இருக்கும் வினை வடிவம். பன்மைக்கு 'ய்', இரண்டாம் வேற்றுமைக்கு 'ன்'. 'தோமோய்ன்' என்பதை நம் 'வீடுகளை' போலவே பிரிக்கலாம்: தோமோ (வீடு) + ய் (கள்) + ன் (ஐ). வரிசைகூட மாறவில்லை!

படி 2: ஒட்டுகளைக் கழற்றுங்கள்

மல்சானுலேயோவை வலமிருந்து உரித்துக்கொண்டே வாருங்கள். 'ஓ' போனதும் நிற்பது 'ஏய்', அது இடத்தைக் குறிக்கும். லெர்னேயோ என்றால் படிக்கும் இடம், பள்ளி. குயிரேயோ என்றால் சமைக்கும் இடம், அடுக்களை. அடுத்தது 'உல்', ஒரு தன்மை உடைய ஆள். முன்னால் நிற்கும் 'மல்' எதிர்ப்பொருள் தரும். நடுவில் மிஞ்சும் 'சான்' என்பது நலம். ஆக, நலமில்லாதவர்கள் இருக்கும் இடம்.

'மல்' என்று தொடங்குவதெல்லாம் ஒட்டு அல்ல. கணுக்காலுக்குப் பெயர் 'மலேயோலோ'. அதில் கழற்ற ஒன்றுமில்லை. கழற்றிய பின் மிஞ்சுவது அகராதியில் வேராக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 3: வேரின் ஊரைத் தேடுங்கள்

1905-இல் வந்த, எஸ்பெராண்டோவின் அடிப்படை நூலான 'ஃபுந்தாமெண்டோ'வின் சொற்பட்டியல் ஒவ்வொரு வேருக்கும் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன், போலிஷ் மொழிகளில் பொருள் தருகிறது. எந்த மொழிச் சொல்லோடு ஒலி ஒத்துப்போகிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. 'சான்' லத்தீன் 'சானுஸ்' வழி வந்தது.

ஒலி ஒத்தாலும் பொருள் ஒத்தாக வேண்டும் என்றில்லை. பிரெஞ்சில் 'மல்' என்றால் கெட்டது. எஸ்பெராண்டோவில் அந்தச் சாயல் கிடையாது: ஃபெர்மி என்றால் மூடு, மல்ஃபெர்மி என்றால் திற. பிரெஞ்சு தெரிந்தவர்கள்தான் இங்கே முதலில் தடுக்கி விழுவார்கள்.

படி 4: சிக்கலான சொல்லில் கை வையுங்கள்

'எட்சோ' கணவன், 'எட்சினோ' மனைவி. 'இன்' பெண்பால் ஒட்டு. ஆனால் 'எட்ஸ்' என்ற வேருக்கு ஐரோப்பிய மொழிகளில் நேரான மூலச்சொல் அகப்படாது. காரணம், இது தலைகீழாகப் பிறந்த சொல்: மனைவி முதலில் வந்தாள், அதிலிருந்து 'இன்' கழற்றிக் கணவனை எடுத்தார்கள். ஜெர்மன் 'பிரின்செசின்' (இளவரசி) என்பதன் வால்தான் 'எட்சின்' ஆனது என்பது சாமென்ஹோஃப் தந்த விளக்கம். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் யூத குருவின் மனைவியைக் குறிக்கும் 'ரெபெட்சின்'தான் மூலம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. சாமென்ஹோஃப் இத்திஷ் பேசி வளர்ந்தவர். இளவரசியைவிட குருவின் மனைவியே அவர் காதில் அடிக்கடி விழுந்திருப்பாள் என்பதால் என் ஓட்டு இரண்டாவதற்கே.