காரை வீட்டில் விட்டு மாநகரப் பேருந்தில் அலுவலகம் செல்வது எப்படி? சென்னைவாசிகளுக்கான செய்முறை விளக்கம்

காரில் சென்று பழகியவர்கள் பேருந்துக்கு மாற எடுக்கும் முயற்சி பெரும்பாலும் ஒரு திங்கட்கிழமை காலையில் தொடங்கி, அன்று மாலையே முடிந்துவிடுகிறது. வாரத்திலேயே நெரிசல் மிகுந்த நாளில், தடம் எண்ணும் நிறுத்தமும் தெரியாமல், தாமதமானால் மேலாளர் என்ன சொல்வாரோ என்ற பதற்றத்தோடு கிளம்பினால் வேறு எப்படி முடியும்? ஆகவே இந்த விளக்கத்தில் காரை விற்கச் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு பயணத்தை மட்டும் பேருந்துக்கு மாற்றுவது எப்படி என்று பார்ப்போம்.

படி 1: ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுங்கள்

வாரந்தோறும் நீங்கள் செல்லும் இடங்களில், நடுவில் வண்டி மாறாமல் ஒரே பேருந்தில் போகக்கூடியதும், இரு முனைகளிலும் பத்து நிமிடத்திற்கு மேல் நடக்க வேண்டியிராததுமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குழந்தையைப் பள்ளியில் விட்டு, வழியில் மருந்துக்கடைக்கும் போய், பிறகு அலுவலகம் சேரும் சுற்றுப்பயணத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம்; அதற்குக் காரே சரி.

படி 2: தடம் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

சென்னையின் தடங்களில் எண்ணைப் போலவே அதன் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் செல்வது 29சி. வெறும் 29 என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதே எண்ணில் வேறு எழுத்தோடு வரும் பேருந்தில் ஏறினால் வேறு எங்கோ போய் இறங்குவீர்கள். எண்ணும் எழுத்தும் பொருந்தினாலும், சில பேருந்துகள் முழுத் தடமும் செல்லாமல் பாதி வழியிலேயே திரும்பிவிடும். பேச்சு வழக்கில் இவற்றைக் ‘கட் சர்வீஸ்’ என்பார்கள். எனவே பலகையில் உள்ள ஊர்ப் பெயரையும் வாசித்துவிட்டே ஏறுங்கள்.

கைபேசியில் இரண்டு செயலிகள் போதும். 2022-இல் வந்த ‘சென்னை பஸ்’ செயலியில், நீங்கள் காத்திருக்கும் பேருந்து இப்போது எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்கலாம். 2025-இல் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகிய மூன்றுக்கும் ஒரே இடத்தில் பயணச்சீட்டு எடுக்கலாம். ஆனாலும், நிறுத்தத்தில் பூ விற்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. எந்த வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதில் அவர் கணக்குத் தவறி நான் பார்த்ததில்லை.

படி 3: விடுமுறை நாளில் ஒத்திகை பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவசரம் எதுவும் இல்லாமல் அந்தத் தடத்தில் ஒரு முறை போய்த் திரும்புங்கள். இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். திரும்பி வருவதற்கான நிறுத்தம் நேர் எதிரே இருக்கும் என்று நம்பி, ஒரு மாலை நேரத்தில் நான் சாலையின் தவறான இடத்தில் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். உண்மையான நிறுத்தம் சந்திப்பைத் தாண்டி இருநூறு மீட்டர் தள்ளியிருந்தது. நான்கு பேருந்துகள் என்னைக் கடந்து போன பிறகே எனக்கு அது உறைத்தது.

படி 4: ஏறுவதும் சீட்டு வாங்குவதும்

புதிதாக வருபவர்கள் மிகவும் கூச்சப்படுவது இங்கேதான். வண்டி நிறைந்திருந்தால் நடத்துநர் உங்களிடம் வரமாட்டார். பின்வாசலை ஒட்டிய தம் இருக்கையிலேயே அமர்ந்திருப்பார். பணத்தை முன்னால் நிற்பவரிடம் நீட்டி, “லஸ் ஒண்ணு” என்று இறங்கும் இடத்தையும் எண்ணிக்கையையும் சொன்னால் போதும். அந்த நோட்டு நான்கைந்து கைகள் மாறி அவரைச் சென்றடையும்; சற்று நேரத்தில் சீட்டும், அதில் மடித்து வைத்த மீதிச் சில்லறையும் அதே கைகளின் வழியே திரும்பி வரும். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டாதீர்கள். பத்தும் இருபதுமாகச் சட்டைப் பையில் தனியே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மெட்ரோவிலும் பயன்படும் சிங்காரச் சென்னை அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள்.

வழக்கமாக இடப்புற இருக்கைகள் பெண்களுக்கு உரியவை. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய பேருந்துகள் அந்த வகையைச் சேர்ந்தவை. கட்டணம் இல்லை என்றாலும் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இறங்கும் நிறுத்தத்திற்கு ஒரு நிறுத்தம் முன்பாகவே வாசலை நோக்கி நகரத் தொடங்குங்கள்.

படி 5: கணக்குப் போடுங்கள்

நாளொன்றுக்குப் போக வர 30 கிலோமீட்டர், மாதத்தில் 22 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால் 660 கிலோமீட்டர். நகர நெரிசலில் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் 55 லிட்டர்; லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் எரிபொருளுக்கு மட்டும் 5,500 ரூபாய். குளிர்சாதனம் இல்லாத பேருந்துகளில் விருப்பம் போல் பயணிக்கும் மாதாந்திரச் சீட்டு 1,000 ரூபாய். குளிர்சாதனப் பேருந்துகளையும் சேர்த்த சீட்டு 2,000 ரூபாய் என்று 2025-இல் அறிமுகமானது.

இருப்பினும், முதல் மாதமே மாதாந்திரச் சீட்டு வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. வாரத்திற்கு இரண்டு நாள் என்று தொடங்கி, மூன்றாவது வாரத்தில் தானாகவே மூன்று நான்கு நாட்களானால், அப்போது வாங்கலாம். சீட்டுக்குக் கொடுத்த பணத்தை ஈடுகட்ட வேண்டும் என்று விருப்பமில்லாமல் ஏறுபவர்கள் விரைவில் காருக்கே திரும்பிவிடுகிறார்கள்.

படி 6: நேரத்தையும் கடைசிக் கிலோமீட்டரையும் சரிசெய்யுங்கள்

காலை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் நிற்கவே இடம் கிடைக்காத தடத்தில், எட்டு மணிக்கு முன் உட்கார்ந்தே போகலாம் என்பது பல இடங்களில் என் அனுபவம். அலுவலகத்தில் அரை மணி நேரம் முன்னதாக வந்து முன்னதாகக் கிளம்ப அனுமதி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து பிரதான சாலை தொலைவில் இருந்தால், உட்பகுதிகளை இணைக்கும் சிற்றுந்துகள் உங்கள் பக்கம் வருகின்றனவா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் ஷேர் ஆட்டோ இருக்கிறது. தியாகராய நகர் செல்பவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு: பேருந்து நிலையத்தையும் மாம்பலம் ரயில் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023-இல் திறக்கப்பட்டதால், ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபடாமலேயே ரயிலிலிருந்து பேருந்துக்கு மாறலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குடையோடு ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் பையில் இருக்கட்டும்.

படி 7: காரை மறந்துவிடாதீர்கள்

இரண்டு மாதம் நன்றாகப் பழகிய பிறகு வரும் சிக்கல் இது. வாரக்கணக்கில் அசையாமல் நின்றால் காரின் பேட்டரி இறங்கிவிடும், டயரில் காற்றும் குறையும். வாரத்திற்கு ஒரு முறையாவது, இருபது நிமிடம் வெளியே எடுத்து ஓட்டி வாருங்கள். மாத மளிகை வாங்கும் நாளையும் அதில் ஒன்றாக வைத்துக்கொண்டால், அரிசி மூட்டையைப் பேருந்தில் ஏற்றும் தொல்லையும் இல்லை.