அடிக்கடி சாப்பாட்டை நிறுத்தும் முயல்: காரணத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி?

நேற்று வரை ஓடித் திரிந்த முயல் இன்று மூலையில் முடங்கிக்கொள்கிறது. புல்லைத் தொடுவதில்லை, புழுக்கையும் இல்லை. மருத்துவர் ‘குடல் தேக்கம்’ என்று ஊசி போடுகிறார், இரண்டு நாளில் தேறிவிடுகிறது. மாதம் ஒன்று போனதும் மறுபடியும் அதே நிலை. இப்படி மூன்று நான்கு முறை வந்தபின் ‘இதன் உடம்புவாகே இப்படித்தான்’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. குடல் தேக்கம் பெரும்பாலும் தனி நோய் அல்ல, வேறொன்றின் அறிகுறி. வலி, பயம், வெயில், நீரிழப்பு, நார்ச்சத்துக் குறைவு என எது வந்தாலும் முயலின் உடலில் முதலில் மந்தமாவது குடல்தான். அது திரும்பத் திரும்ப வந்தால், உள்ளே ஒரு காரணம் இன்னும் தீராமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

சாப்பிடாத அன்று

10 முதல் 12 மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், மறுநாள் வரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. கிளம்பும் முன் வீட்டில் இரண்டு சோதனைகள் செய்துவிடுங்கள்.

முதலாவது வெப்பநிலை. முனை வளையும் டிஜிட்டல் தெர்மாமீட்டரில் வாஸ்லின் தடவி, ஆசனவாயில் 1 முதல் 2 செ.மீ. வரை மட்டும் செலுத்துங்கள். முயலின் முதுகு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும், பின்னங்கால்களை ஒரு கை தாங்கட்டும். கால்கள் அந்தரத்தில் உதைத்தால் முதுகெலும்பே முறிந்துபோகலாம். இயல்பான அளவு 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். 38-க்குக் கீழே இருந்தால் ஊட்டுவதற்கு முன் சூடேற்றுங்கள். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் போதும், விலகிப் போக இடம் இருக்க வேண்டும். 36.5-க்குக் கீழே என்றால் உயிருக்கே ஆபத்து, வழியிலும் சூடு கொடுத்தபடி உடனே ஓடுங்கள்.

இரண்டாவது வயிறு. விலா எலும்பு முடியும் இடத்தில், இடது பக்கம் மெதுவாக விரல் வைத்துப் பாருங்கள். பிசைந்த மாவு போல இருந்தால் தேக்கம். முரசுத் தோல் போல விறைத்து உப்பியிருந்தால், அதுவும் சில மணி நேரத்துக்குள் திடீரென்று வந்திருந்தால், குடலில் அடைப்பு இருக்கலாம். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அடைப்பு உள்ள வயிற்றில் ஊட்டினால் இரைப்பை மேலும் விரிந்து உயிரே போகும். அந்த நிலையில் ஒரு சொட்டும் ஊட்டாதீர்கள். ரத்தச் சர்க்கரை பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். 360 மி.கி./டெ.லி.-க்கு மேல் போனால் அடைப்பின் சந்தேகம் வலுக்கிறது, எக்ஸ்ரே உடனே தேவை.

வயிறு மென்மையாக, உடல் சூடாக இருந்தால் ஊட்டலாம். நோயுற்ற முயலுக்கென்று விற்கும் நார்ச்சத்துப் பொடி கையில் இல்லையென்றால், வழக்கமாகத் தின்னும் பெல்லட் (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) ஒரு பங்கை வெதுவெதுப்பான நீர் மூன்று நான்கு பங்கில் ஊறவைத்து, மிக்ஸியில் அரைத்து, வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் சிரிஞ்சு அடைத்துக்கொள்ளும், அழுத்தும்போது மொத்தமும் ஒரேயடியாகத் தொண்டைக்குள் பாயும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பக்கவாட்டாகச் சிரிஞ்சை நுழைத்து, 0.5 முதல் 1 மி.லி. கொடுத்து, மென்று விழுங்கும் வரை பொறுங்கள். மல்லாக்கப் போட்டு ஊட்டவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு வேளைக்கு, கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.லி. அதாவது 2 கிலோ முயலுக்கு 20 முதல் 30 மி.லி., நாளுக்கு நான்கு முறை. முதல் வேளையில் பாதி அளவே போதும். தயிர், சர்க்கரை நீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். இனிப்பும் மாவுச்சத்தும் குடலில் கெட்ட நுண்ணுயிர்களைப் பெருக்கி வாயுவைக் கூட்டும்.

ஊட்டுவதைவிட முக்கியம் வலி நிவாரணி. வலி அடங்கினால்தான் குடல் அசையும். குடலைத் தூண்டும் மருந்தை அடைப்பு இல்லை என்று தெரிந்தபின்தான் கொடுக்க வேண்டும்.

நோட்டு போடுங்கள்

காரணம் பிடிபடாமல் போவதற்கு முதல் காரணம், மருத்துவர் முயலைப் பார்ப்பது பத்து நிமிடம்தான் என்பது. மீதி நேரமெல்லாம் பார்ப்பவர் நீங்கள். அதனால் ஒரு நோட்டு போட்டே ஆக வேண்டும்.

வாரம் இருமுறை, ஒரே நேரத்தில், சமையலறை எடை மெஷினில் எடை பாருங்கள். 2 கிலோ முயல் 100 கிராம் குறைந்தாலே கவனம் தேவை. 200 கிராம் குறைந்தால் அது சாப்பிடுவது கண்ணுக்குத் தெரிந்தாலும் உள்ளே ஏதோ சரியில்லை. தினமும் காலையில் கழிவுத் தட்டில் உள்ள புழுக்கையைப் பாருங்கள், ஒரு நாணயத்தை அருகில் வைத்துப் படம் எடுங்கள். அளவு சிறுத்து, கறுத்து, கோணலாகிறது என்றால் அடுத்த தேக்கம் ஓரிரு நாளில் வரக்கூடும். திராட்சைக் கொத்துப் போன்ற பிசுபிசுத்த சாணம் கிடந்தால் அது வயிற்றுப்போக்கு அல்ல. முயல் தன் வாயாலேயே எடுத்துத் தின்ன வேண்டிய மென்புழுக்கை அது. ஏன் தின்னவில்லை என்று கேளுங்கள்: பெல்லட் அதிகமா, உடல் பருத்துவிட்டதா, முதுகோ மூட்டோ வலித்துக் குனிய முடியவில்லையா?

சிறுநீர் சிவப்பாக இருந்தால் உடனே ரத்தம் என்று எண்ண வேண்டாம், தீவன நிறமிகளாலும் அப்படி வரும். சோதனைப் பட்டையில் பார்த்தால் தெரிந்துவிடும். பற்பசை போல வெண்மையாகக் கெட்டியாக வந்தால் சிறுநீர்ப்பையில் சுண்ணாம்புச் சத்து படிகிறது.

இவற்றோடு அறையின் வெப்பம், புதிதாக வந்த கீரைக் கட்டு, பெல்லட் மூட்டை மாற்றிய நாள், வெடிச் சத்தம், விருந்தாளிகள், கொசுவர்த்தி என அன்றைக்கு மாறிய எல்லாவற்றையும் எழுதுங்கள். எல்லாவற்றையும்விட ஒரு கேள்விக்கு விடை எழுதுவது பயன் தரும்: முதலில் எதை விட்டது? விருப்பமான கொத்தமல்லி உட்பட எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட்டால் வயிற்று வலி. தீவனத்தை நோக்கி ஓடி வந்து, வாயில் வைத்து, கீழே போட்டுவிட்டு, மென்மையான இலையை மட்டும் தின்றால் பல்லில் கோளாறு.

பல்லை மறுபடி பாருங்கள்

‘பல்லைப் பார்த்தாகிவிட்டது, நன்றாக இருக்கிறது’ என்று சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் அது முன்பற்கள்தான். முயலுக்கு 28 பற்கள், எல்லாமே ஆயுள் முழுக்க வளர்கின்றன. முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மி.மீ. வளரும். நீளமான புல்லை அரைத்துத் தேய்க்காவிட்டால் கடைவாய்ப் பற்களின் ஓரத்தில் ஊசிபோல் முனை நீட்டி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். விழித்திருக்கும் முயலின் குறுகிய வாய்க்குள் கருவி விட்டுப் பார்ப்பதில் பாதிச் சேதம் கண்ணில் படாது. மயக்க மருந்து கொடுத்து வாயைத் திறந்து பார்ப்பதும், பல்லின் வேர்களைக் காட்டும் மண்டையோட்டு எக்ஸ்ரேயும்தான் உறுதியான வழி. முனைகளைத் தேய்த்துவிட்டாலும் சில வாரங்களில் மறுபடி வளரும். நோட்டில் தேக்கம் ஏறக்குறைய ஒரே இடைவெளியில், நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை வருகிறது என்றால் என் சந்தேகம் முதலில் இங்கேதான் போகும். தாடை நனைவது, ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிவது, கீழ்த்தாடை எலும்பில் முண்டு தட்டுப்படுவது ஆகியவையும் பல்லைத்தான் காட்டுகின்றன.

மயக்கம் கொடுக்கும் முன் இரவெல்லாம் பட்டினி போடச் சொன்னால் பணிவாக மறுத்துப் பேசுங்கள். அது நாய், பூனைக்கான விதி. வாந்தி எடுக்காத முயலுக்குப் பட்டினியே அடுத்த தேக்கத்தைக் கொண்டுவரும்.

காரணம் பல் இல்லையென்றால்

வயிற்று எக்ஸ்ரே இரண்டு கோணங்களில், ரத்தத்தில் சிறுநீரகம், கல்லீரல், ரத்த அணுக்கள், அன்று போட்ட புழுக்கையில் ஒட்டுண்ணிச் சோதனை, பிறகு அல்ட்ராசவுண்ட் என்று கேளுங்கள். கல்லீரலின் ஒரு மடல் முறுக்கிக்கொள்வது சாதாரணத் தேக்கம் போலவே வரும். கல்லீரல் நொதிகளும் அல்ட்ராசவுண்டும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். பழைய வண்ணம் பூசிய கம்பி, கதவைக் கடிக்கும் முயலுக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள், பலரும் மறந்துபோகும் சோதனை இது. கருப்பை எடுக்காத பெண் முயல் நான்கு வயதைத் தாண்டிவிட்டால் கருப்பைப் புற்றுநோயை விலக்காமல் மேலே போகாதீர்கள்.

தலை சாய்வது, பின்னங்கால் இழுபடுவது, சிறுநீர் ஒழுகுவது சேர்ந்து வந்தால் என்செபாலிட்டோசூன் குனிகுலி என்ற ஒட்டுண்ணி காரணமாக இருக்கலாம். அதற்கான எதிர்ப்பொருள் சோதனை நலமான முயலிலும் பாசிட்டிவ் காட்டும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. நெகட்டிவ் வந்தால் அந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். சிகிச்சை வழக்கமாக 28 நாள் ஃபென்பெண்டசோல் என்ற ஒட்டுண்ணி மருந்து. அது எலும்பு மஜ்ஜையைத் தாக்கக்கூடும், இடையில் ரத்த அணுக்களைப் பார்க்க வேண்டும்.

உள்ளூர் கிளினிக்கில் முயல் பார்த்துப் பழகியவர் இல்லையென்றால், வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளின் மருத்துவமனைகளை நாடலாம். நோட்டையும் படங்களையும் கையோடு கொண்டுபோங்கள். கூடவே வளரும் ஜோடி முயலையும் ஒரே கூடையில் கொண்டுபோனால் பயம் குறையும்.

எங்கு போனாலும் இரண்டை நினைவில் வையுங்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக் மருந்துகளை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறந்துபோகலாம். உண்ணிக்காக நாய்க்குப் பூசும் ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம்.

தட்டில் என்ன, அறையில் எத்தனை டிகிரி

கேரட்டும் முட்டைக்கோசும் சோறும் தின்று வளரும் முயலுக்கு எந்தச் சோதனையும் தேவைப்படாமலே விடை கிடைத்துவிடும். உணவில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக இருக்க வேண்டும், பெல்லட் நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 25 கிராமைத் தாண்டக் கூடாது. திமோத்தி உலர்புல் விலை கட்டுப்படியாகாவிட்டால் கினியாப் புல், அருகம்புல் போதும். பூக்கும் முன் அறுத்து, கழுவி, நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, தண்டை வளைத்தால் ‘படக்’கென்று ஒடியும் வரை உலர்த்துங்கள். அரைகுறையாகக் காய்ந்ததைப் பையில் கட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் மட்டும் நோய் திரும்பினால் முதலில் புல் பையை முகர்ந்து பாருங்கள். குதிரை மசாலும் முருங்கைக்கீரையும் சுண்ணாம்புச் சத்து மிகுந்தவை, வெள்ளைச் சிறுநீர் போகும் முயலுக்கு நிறுத்திவிடுங்கள். வைக்கோல் படுக்கைக்கு ஆகும், உணவாகாது.

தண்ணீரை நிப்பிள் பாட்டிலில் வைப்பதைவிட கனமான மண் கிண்ணத்தில் வைத்தால் அதிகம் குடிக்கும். கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மி.லி. தேவை.

30 டிகிரிக்கு மேல் முயல் தவிக்கும். அதற்கு வியர்க்காது, வெப்பத்தைக் காது வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேற்றும். அதனால் மின்விசிறி மட்டும் போதாது. உறையவைத்த 1 லிட்டர் பாட்டிலைத் துணி சுற்றி வையுங்கள், ஜன்னலில் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிடுங்கள். உடல் 40.5 டிகிரியைத் தாண்டினால் காதுகளை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள், குளிர்ந்த நீரில் முக்காதீர்கள்.

மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரமாவது கொடுங்கள். பெல்லட்டையும் புல்லையும் அறையையும் ஒரே நாளில் மாற்றினால், முயல் தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது. வலி மருந்தை, சாப்பிடத் தொடங்கிய அன்றே நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொன்ன நாள் வரை கொடுத்து, நிறுத்திய தேதியையும் நோட்டில் எழுதுங்கள். நிறுத்திய இரண்டே நாளில் புழுக்கை மறுபடி சிறுத்தால், வலியின் இடம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அந்தத் தேதியோடு மருத்துவரிடம் திரும்பிப் போங்கள்.